செல்லூரில் ஒரு ருசிப்பொடி

மதுரை செல்லூர்ப் பெரியப்பாவுக்கு அஜினமோட்டோ என்றால் ஆகாது. பரோட்டாக் கடையில் உட்கார்ந்ததும், இலையில் தண்ணீர் தெளிப்பதற்கு முன்பே, "சால்னாவுல அது போடுறீகளா?" என்று கேட்டுவிடுவார். இல்லவே இல்லை என்று மாஸ்டர் சாதிப்பார். பெரியப்பா நம்பமாட்டார். ஆனால் இரண்டாவது தடவையும் சால்னா ஊற்றச் சொல்வார்.

பணி ஓய்வு கிடைத்ததும், அந்த ருசியை வீட்டிலேயே பொடியாகச் செய்துவிடுவது என்று இறங்கினார். ஓய்வுபெற்ற ஆம்பளை அடுப்படிக்குள் நுழைந்தால் அதற்கு ஆராய்ச்சி என்று பெயர். பெரியம்மா காலமெல்லாம் செய்தது வெறும் சமையல்.

ஆராய்ச்சியில் முதலில் அகப்பட்டவர் டோக்கியோப் பேராசிரியர் கிகுனாயே இகெடா. 1908-ல் அவர் 'கொம்பு' என்னும் கடற்பாசிச் சாற்றில் ஒரு தனி ருசியைக் கண்டுபிடித்தார். நம் அறுசுவைப் பந்தியில்கூட அதற்கு இலை போடவில்லை. காரணம் குளுட்டமேட் என்று சொல்லி, ருசிக்கு உமாமி என்று பெயரும் வைத்தார். மறுவருஷமே அது அஜினமோட்டோ என்ற பெயரில் விற்பனைக்கு வந்துவிட்டது. எதிரியின் பூர்வீகம் கடற்பாசி என்று தெரிந்ததும் பெரியப்பா பையைத் தூக்கிக்கொண்டு கீழமாசி வீதிக்குக் கிளம்பினார்.

கடற்பாசி கேட்டால் மளிகைக்கடைக்காரர் எதைக் கொடுப்பார்? நோன்பு மாதத்தில் பாலும் சீனியும் சேர்த்துக் காய்ச்சும் வெள்ளைக் கடற்பாசியைத்தான். மண்டபம், பாம்பன் பக்கத்துப் பெண்கள் கடலில் முங்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி வகையறாவிலிருந்து எடுக்கும் அகர் அது. அதற்கான ஆலைகள் மதுரைப் பக்கமே உண்டு. ஜப்பான்காரரின் கொம்பு குளிர்ந்த கடலில் வளர்வது; நம் கடலுக்கு ஒத்துவராது.

பெரியப்பா அதை மிக்ஸியில் அரைத்து, கொதிக்கிற சால்னாவில் தாராளமாகத் தூவினார். அகர் கொதிநீரில் கரைந்து, 40 டிகிரிக்குக் கீழே வந்ததும் உறைந்துவிடும். அக்கினி நட்சத்திரத்தில் செய்திருந்தால் மதுரை வெயில் காப்பாற்றியிருக்கும். அது தை மாதத்து ராத்திரி. கரண்டியை விட்டதும் சால்னா மொத்தமும் ஆடியது.

"என்னங்க, இதை ஊத்துறதா, வெட்டுறதா?" என்றார் பெரியம்மா.

பிறகு அவரே பரணிலிருந்து ஒரு டப்பாவை இறக்கினார். உள்ளே தூத்துக்குடிச் சொந்தக்காரர்கள் கொடுத்த மாசிக் கருவாடு. சூரை மீனை வேகவைத்து, புகையிலும் வெயிலிலும் காயவைத்துக் கட்டையாக்கியது. ஜப்பானியர் சூப்புக்குச் சீவிப் போடும் கட்சுவோபுஷியும் இதே சூரைதான். செய்முறையும் ஏறக்குறைய இதே. அதில் இருக்கும் இனோசினேட் என்னும் ருசிப்பொருளை 1913-ல் இகெடாவின் மாணவர் கொடாமா கண்டறிந்தார். குளுட்டமேட்டோடு அது சேர்ந்தால் ருசி பல மடங்கு ஏறும் என்பது பின்னால் தெரிந்தது. குளுட்டமேட்டுக்கு ஜப்பான் வரை போக வேண்டியதில்லை; பழுத்த தக்காளியில் இருக்கிறது. மாசியையும் தக்காளியையும் ஒரே சட்டியில் போட்டு வதக்கிய பாட்டிமார் இதற்கெல்லாம் காப்புரிமை வாங்கவில்லை.

பொடி கடைசியில் இப்படி வந்தது. தக்காளியை வட்டமாக நறுக்கி, உப்புத் தடவி, கையில் எடுத்தால் சருகாக நொறுங்கும்வரை மொட்டைமாடியில் காயவைக்க வேண்டும். சிப்பிக்காளானும் அப்படியே. மாசியை நேராக மிக்ஸியில் போட்டால் பிளேடுதான் பொடியாகும். உரலில் இடித்து, வெறும் சட்டியில் சிறுதீயில் வறுத்து, ஆறவைத்து, பிறகே மற்றதோடு அரைக்க வேண்டும். வறுக்கும்போது வாசம் தெருமுனை வரை போகும். எதிர்வீட்டு ஜன்னல் சாத்தப்பட்டது. பக்கத்துவீட்டிலிருந்து கிண்ணம் வந்தது.

சால்னா அன்று பரோட்டாக் கடையைத் தோற்கடித்தது. "பார்த்தியா, அஜினமோட்டோ இல்லாமலே!" என்று பெரியப்பா மீசையைத் தடவினார். தக்காளியில் இருப்பதும் அந்தப் பாக்கெட்டில் இருப்பதும் ஒரே குளுட்டமேட்தான், நாக்குக்கு இரண்டும் ஒன்றுதான் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. 1968-ல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஒரு கடிதம் அஜினமோட்டோமேல் கிளப்பிவிட்ட பயம், பின்னால் நடந்த சோதனைகளில் உறுதிப்படவில்லை என்பதையும் சொல்லவில்லை. சாப்பிடுகிற மனுஷனிடம் எதற்கு வம்பு?

செய்து பார்க்க நினைப்பவர்கள் செவ்வாய், வெள்ளி தவிர்த்து நாள் பார்க்கவும். கருவாட்டில் உப்பு உண்டு, குழம்பில் குறைத்துப் போடவும். அரைத்த ஜாரில் மறுநாள் தேங்காய்ச் சட்னி அரைக்க வேண்டாம்.