டொப்பா, டங்கா?

கோவிலம்பாக்கத்தில் குடியிருப்பவனுக்கு ஞாயிற்றுக்கிழமை வெளியே போகாமல் இருக்கக் காரணம் தேட வேண்டியதில்லை. மேடவாக்கம் மெயின் ரோட்டில், மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகப்போகிற மெட்ரோவுக்காகத் தூண்கள். இந்தப் பக்கம் துரைப்பாக்கம் - பல்லாவரம் 200 அடி சாலை. பெயரில்தான் 200 அடி. நம் பங்குக்குக் கிடைப்பது முன்னால் நிற்கும் காரின் பின்பக்கம் மட்டும். வண்டலூருக்குப் போகலாம் என்றால், 1855இல் பட்டணத்துக்குள் தொடங்கிய மிருகக்காட்சி சாலையை 1985இல் அங்கே கொண்டுபோனார்கள். மிருகங்கள் நெரிசலிலிருந்து தப்பித்தன. அந்த நெரிசல் இப்போது டிக்கெட் எடுத்துக்கொண்டு அவற்றைப் பார்க்கப் போகிறது. பக்கத்திலேயே நன்மங்கலம் காப்புக்காடு இருக்கிறது. அங்குள்ள கொம்பன் ஆந்தைக்குப் பெரிய பெயர் உண்டு. அது பகல் முழுக்க ஓய்வெடுக்கும். விடுமுறை நாளில் அதன் வழியே என் வழி.

ஆனால் வீட்டில் இருந்தால் பிள்ளைகள் கையில் செல்போன் ஏறிவிடுகிறது. “போனைக் கீழே வைங்க, இன்னிக்கு நாமே கையால எல்லாம் செய்யறோம்” என்று அறிவித்தேன். “நாமேன்னா யாரு?” என்று சமையலறையிலிருந்து கேள்வி வந்தது. குடும்பத் தலைவன் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

அன்றைக்கு அடுக்ககத்துத் தென்னைக்கு மரம் ஏறுகிறவர் வந்திருந்தார். கீழே விழுந்த பச்சை மட்டையைப் பார்த்ததும் எனக்குள் இருந்த கிராமத்தான் விழித்துக்கொண்டான். ஓலையில் கைக்கடிகாரம், கண்ணாடி, பாம்பு, காற்றாடி எல்லாம் சின்ன வயதில் செய்திருக்கிறேன் என்று பிள்ளைகளிடம் பெருமையடித்தேன். செய்தது என் மாமா பையன். கையில் கட்டிக்கொண்டு மணி பார்த்ததுதான் நான். இந்த நுணுக்கம் பிள்ளைகளுக்கு எதற்கு?

பீப்பி சுலபம் என்று ஆரம்பித்தேன். ஈர்க்கைக் கிழித்தெடுத்துவிட்டு, ஓலையைச் சாய்வாகச் சுருட்டிக்கொண்டே போனால் கூம்பாக வரும். அகன்ற பக்கம் பிரியாமல் ஈர்க்கைக் குத்தி நிறுத்த வேண்டும். குறுகிய முனையை நசுக்கி ஊத வேண்டும். கழுத்து நரம்பு புடைக்க ஊதினேன். காற்று வந்தது, எச்சிலும் வந்தது. மகள் அக்கறையாகக் கேட்டாள்: “அப்பா, இது சைலன்ட் மோட்ல இருக்கா?”

மரத்திலிருந்து இறங்கியவர் அதை வாங்கிப் பார்த்தார். “ரொம்ப நசுக்கிட்டீங்க சார். ரெண்டு ஓலையும் ஒட்டிக்கிச்சு. நடுவுல மூச்சு போக வழி வேணாமா?” இடுப்பு அரிவாளால் இன்னொரு ஓலையை வகுந்து, பேசிக்கொண்டே சுருட்டி, முனையைப் பல்லால் லேசாகக் கடித்து ஊதினார். தெருநாய்கள் பதில் சொல்லின. விளிம்பு இரண்டும் அதிர்ந்தால்தான் சத்தம். நாதசுரத்துச் சீவாளிக்கும் இதுதான் கணக்கு. நரசிங்கன்பேட்டை நாதசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். என் பீப்பிக்கு அப்படி எந்த ஆபத்தும் இல்லை.

மானத்தை மீட்க மதியம் கமர்கட்டில் இறங்கினேன். மனைவி நல்ல பாத்திரங்களையெல்லாம் பரணில் ஏற்றிவிட்டுத்தான் சமையலறையை ஒப்படைத்தாள். வெல்லத்தைக் கரைத்து, மண் போக வடிகட்டி, அடுப்பில் வைத்தாயிற்று. தேங்காய்த் துருவலைச் சிவக்க வறுத்தாயிற்று. ஏலக்காயும் சுக்கும் பொடித்தாயிற்று. மீதி எல்லாம் பாகுப் பதம்.

பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொன்னேன். பாகில் தண்ணீர் வற்ற வற்றச் சூடு ஏறும். 115 டிகிரி வாக்கில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் மெத்தென்று உருளும். 125ஐத் தாண்டினால் கெட்டி உருண்டை. 150 வந்தால் கண்ணாடி மாதிரி உடையும். மகன் ஓடிப்போய்க் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைக் கொண்டுவந்தான். அது 42 டிகிரிக்கே மயங்கிவிடும் என்று விளக்கித் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது.

ஆகவே அம்மா சொன்ன வழி: பாகை உருட்டித் தட்டில் போட்டால் ‘டங்’ என்று கேட்க வேண்டும். எவர்சில்வர் தட்டைத் தரையில் வைத்துக் குடும்பமே காதைத் தீட்டிக்கொண்டு குனிந்தது. போட்டேன். “டொப்” என்றான் மகன். “இல்ல, டொக்” என்றாள் மகள். எனக்கு ‘டங்’ என்றே கேட்டது. வேலை முடிய வேண்டும் என்று நினைப்பவன் காதுக்கு அப்படித்தான் கேட்கும். மறுபடி போட்டோம், விவாதித்தோம், வாக்கெடுப்பும் நடந்தது. தீர்ப்பு வந்தபோது சட்டியிலிருந்து கருகல் வாசனையும் வந்தது.

“அடுப்பை அணைச்சுட்டுப் பதம் பார்க்கணும்டா” என்றாள் அம்மா, ஊஞ்சலை விட்டு எழாமல்.

“முன்னாடியே சொல்லக் கூடாதா?”

“நீதான் டிகிரி எல்லாம் சொல்லிட்டிருந்தியே.”

அப்புறம் அவளே எழுந்து வந்தாள். பாகு முறுகினால் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கொதிக்கவிட்டால் பழைய பதத்துக்கு இறங்கி வந்துவிடுமாம். கருகினதுக்குத்தான் வைத்தியம் இல்லையாம். அடியில் கருகியதை விட்டு மேலாக இருந்ததை எடுத்துக் காப்பாற்றினாள். தேங்காயைக் கொட்டிக் கிளறி, நெய் தடவிய கையால் சூட்டோடு உருட்டினாள். எனக்குச் சட்டி தேய்க்கும் பொறுப்பு தரப்பட்டது.

தேய்த்துவிட்டு வந்து பார்த்தால் கமர்கட்டுக் கிண்ணத்தை யாரும் சீண்டவில்லை. பீப்பி சோபாவுக்கு அடியில் கிடந்தது. செல்போன்கள் மேசை மேல் கிடந்தன. பிள்ளைகள் புது விளையாட்டு கண்டுபிடித்திருந்தார்கள். ஒருவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க, இன்னொருவர் தட்டில் எதையாவது போட வேண்டும். சத்தத்தை வைத்துப் பொருளைச் சொல்ல வேண்டும். சாவிக்கொத்து, கரண்டி, பாட்டியின் வெற்றிலைப் பெட்டி மூடி, என் மூக்குக் கண்ணாடி. நான் போட்ட திட்டத்தில் இந்த விளையாட்டு இல்லை. அதனால்தான் நன்றாக இருந்திருக்க வேண்டும். வீடு அமைதியாக இருந்தால் செல்போன் ஓடுகிறது, அதிர்ந்தால் பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று எனக்கு அப்போது புரிந்தது.

கீழ்வீட்டுக்காரருக்குப் புரியவில்லை. ‘மதியத் தூக்க நேரத்தில் பாத்திரக் கடை நடத்துவது யார்?’ என்று அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருந்தார். ‘வன்மையாகக் கண்டிக்கிறேன்’ என்று முதல் ஆளாகப் பதில் போட்டுவிட்டு, தட்டில் அடுத்து எதைப் போடலாம் என்று அலமாரியைத் திறந்தேன்.