மட்டைப் பைக்கு சீட் பெல்ட்

கொடைக்கானலுக்கு இரண்டு நாள் கோல்ஃப் பயணம் திட்டமிடும் கனவான்களே, முதலில் வண்டிக்கு இ-பாஸ் எடுங்கள். 2024 மே முதல் அது கட்டாயம். வத்தலக்குண்டு தாண்டி மலையேறும்போது பின்சீட்டில் மட்டைப் பைக்குத்தான் சீட் பெல்ட். மாமியார் ஜன்னலோரம் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி வருவார். 1863-இல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் தண்ணீரை மறித்துக் கட்டிய ஏரியை, ‘என்னே இயற்கை!’ என்று வியந்து சுற்றி முடிப்பதற்குள் ஒரு நாள் காலி. மிச்சமிருப்பது 1895-இல் தொடங்கிய கோல்ஃப் கிளப். பந்தை ஓங்கி அடித்ததும் மேகம் இறங்கும். விலகியபின் பார்த்தால், பந்துக்குப் பக்கத்தில் வெள்ளைக் காலுறை மாட்டியதுபோல் ஒரு காட்டெருமை சாவகாசமாக மேய்ந்துகொண்டிருக்கும். அதனிடம் ஆட்ட விதி பேச வேண்டாம். பையில் வேறு பந்து இருக்கிறதல்லவா, அதை எடுங்கள்.