கொல்லையில் ஒரு கறிக் காவலர்

டெக்சாஸில் சனிக்கிழமை விடியற்காலை நான்கு மணிக்கு யார் வீட்டுக் கொல்லையிலாவது டார்ச் வெளிச்சம் அலைந்தால் போலீஸைக் கூப்பிட வேண்டாம். வீட்டுக்காரர்தான். ஆறு கிலோ மாட்டு நெஞ்சுக்கறிக்குக் காவல் இருக்கிறார்.

சமையலறையில் உப்பு ஜாடி எங்கே என்று இவருக்குத் தெரியாது. கொல்லையில் மட்டும் சொந்த உப்பு, சொந்த மிளகு. மூன்றாவது மசாலாவைப் பற்றிப் பேச்செடுத்தால் லாக்ஹார்ட் ஊரின் பழைய கசாப்புக்கடைகளைச் சாட்சிக்கு இழுப்பார். 1999-ல் மாநிலச் சட்டமன்றமே அந்த ஊரை டெக்சாஸின் பார்பிக்யூ தலைநகரம் என்று அறிவித்துவிட்டது. அதற்கு மேல் அப்பீல் ஏது?

கறி வேகும் இடத்துக்குக் குழி என்று பேர்தான்; இருப்பதென்னவோ பழைய எரிவாயுத் தொட்டியை அறுத்துப் பற்றவைத்த இரும்பு அடுப்பு. நெருப்பு ஒரு கோடியில், கறி மறு கோடியில். உள்ளே 225 டிகிரி ஃபாரன்ஹீட், பன்னிரண்டு மணி நேரம். அதில் இவர் பார்க்கும் வேலை, நாற்காலியில் உட்கார்ந்திருப்பது. அவ்வப்போது எழுந்து ஓக் விறகு ஒன்றைச் செருகுவார். பிறகு களைப்பாற ஒரு பீர். மூடியைத் திறந்து பார்க்கக் கூடாது, சூடு போய்விடும். வேறு யாரும் மூடிப்பக்கம் வரவே கூடாது.

கறியின் சூடு 160-ஐத் தொட்டதும் சண்டித்தனம் ஆரம்பிக்கும். மணிக்கணக்கில் வெப்பமானியின் முள் நகராது. ஈரம் ஆவியாகிக் கறி தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்கிறது, வேறொன்றும் இல்லை. அதற்கு வியர்க்க வியர்க்க இவருக்கும் வியர்க்கும். இரண்டு மணிக்கு விருந்தென்று ஊரையே அழைத்தாயிற்று. வந்தவர்கள் சிப்ஸ் பொட்டலங்களைக் காலி செய்கிறார்கள். கடைசியில் கறியைத் தாளில் சுற்றுகிறார். சுற்றிவிட்ட பிறகு மேற்கொண்டு புகை பெரிதாக ஏறப்போவதில்லை. வீட்டு அவனில் வைத்தாலும் நன்றாகவே வெந்துவிடும். மனைவி இதைச் சொல்லித் தொலைத்தாள். விவாகரத்து வரை போகவில்லை, அவ்வளவுதான்.

ஐந்து மணிக்குக் கறி வெட்டப்படுகிறது. கைதட்டல். உருளைக்கிழங்கு சாலட், பீன்ஸ், கோல்ஸ்லா, பீச் பழப் பலகாரம் எல்லாம் மேஜைக்குத் தாமாக நடந்து வந்தவை. அவற்றுக்குக் கைதட்டல் கிடையாது. இவர் உண்பதில்லை. ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

ஒரு பொடியன் கெச்சப் கேட்கிறான். கூட்டம் மூச்சுவிடவில்லை. மனைவி எழுந்து போய் பாட்டிலோடு வருகிறாள். காலையிலேயே வாங்கி வைத்திருக்கிறாள்.