தொண்டை உன்னுது, சீட்டு யாருது?

வாங்கடா பேராண்டிங்களா, திண்ணையில உக்காருங்க. வெள்ளிக்கிழமை தலைவர் படம் வருதுன்னு பிள்ளையார்பாளையம் முழுக்க ஒரே பேச்சா இருக்கு. கெழவன் புத்தி சொல்லப் போறான்னு பயப்படாதீங்க. புத்தி சொல்ல உங்க அப்பன் இருக்கான். அவன் சொல்லி நீங்க கேட்ட லட்சணமும் எனக்குத் தெரியும். எனக்கு நாலஞ்சு சந்தேகம், அவ்வளவுதான். சந்தேகத்தோட போய்ச் சேரக்கூடாது பாருங்க.

சத்தம் போடாதேன்னு நான் சொல்ல மாட்டேன். காஞ்சீவரத்துல பொறந்தவன் அதைச் சொல்லவும் முடியாது. வரதராஜப் பெருமாள் முன்னாடி பாசுரம் யார் மொதல்ல சொல்றதுன்னு வடகலையும் தென்கலையும் வெள்ளைக்காரன் காலத்துலேருந்து கோர்ட்டுப் படி ஏறி இறங்குறாங்க. சாமி முன்னாடியே அப்படின்னா, சினிமாக் கொட்டாயில சும்மா இருக்க முடியுமா? நாங்க மட்டும் கைகட்டி வாய்பொத்தியா படம் பார்த்தோம்? தரை டிக்கெட்டு வாங்கி, மணலைக் குவிச்சு மேடு கட்டி உக்காருவோம். மறைக்குதுன்னு பின்னாடி இருக்கிறவன் முதுகுல குத்துவான். எம்.ஜி.ஆர். ஆளு, சிவாஜி ஆளுன்னு ஊரே ரெண்டா நின்னுது. ராத்திரியோட ராத்திரியா போஸ்டர்ல சாணி அடிச்சவன் யாருன்னும் எனக்குத் தெரியும். இப்ப அவன் தெருவுக்கே பெரிய மனுஷன், பேரைச் சொன்னா வம்பு. ஆனா ஒண்ணு, நாங்க சீட்டைக் கிழிச்சதே இல்ல. அங்க சீட்டே இல்லையே கண்ணு.

சரி, மொத சந்தேகம். பால். அவ்வளவு உயரத்துல நிக்கிற கட்-அவுட்டுக்கு எதுக்குடா பால்? அட்டை குடிக்குமா? 2019 ஜனவரியில சிம்பு, கட்-அவுட்டுக்கு அண்டா அண்டாவா பால் ஊத்துங்கன்னு வீடியோ போட்டாரு. பால் முகவர்கள் சங்கத்துக்காரங்க போலீசுக்குப் போனாங்க. படம் வர்ற நாள்ல விடியக்காலை கடை வாசல்ல இறக்கி வெக்கிற பால் பாக்கெட்டே திருடு போகுதுன்னு அவங்க பொலம்பல். கைப்புள்ளைக்காரி வெறும் கையோட திரும்பிப் போறா, அட்டைக்கு அபிஷேகம் நடக்குது. அதே மாசம் 10-ஆம் தேதி, 'விஸ்வாசம்' வந்த அன்னைக்கு, திருக்கோவிலூர்ல கட்-அவுட்டு மேல ஏறிப் பால் ஊத்தினாங்க. கட்-அவுட்டே சரிஞ்சு விழுந்துது. அட்டைக்கு ஒண்ணும் ஆகல. ஏறினவங்க ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. அபிஷேகம் யாருக்கு நடந்துதுன்னு நீங்களே சொல்லுங்க.

ரெண்டாவது, சீட்டு. 2023 அக்டோபர் 5-ஆம் தேதி 'லியோ' ட்ரெய்லர் வந்துது. படம் இல்ல கண்ணு, ட்ரெய்லர். மூணு நிமிஷம்கூட ஓடாது. சென்னை கோயம்பேடு ரோகிணி தியேட்டர்ல அப்பல்லாம் இந்த மாதிரி ட்ரெய்லரை வெளியில வெச்சுத்தான் காட்டிக்கிட்டு இருந்தாங்க. அந்தத் தடவை போலீஸ் அதுக்கு ஒத்துக்கல. உள்ளேயே போட்டாங்க. நம்ம புள்ளைங்க சீட்டு மேல ஏறி ஆடி, வரிசை வரிசையா நாசம் பண்ணிட்டாங்க. மூணு நிமிஷத்துக்கே இப்படின்னா மூணு மணி நேரத்துக்கு இன்னா ஆகும்? கட்டடத்தையே ஜாமீன்ல எடுக்கணும். திரையில உன் தலைவன் ரவுடிங்களை அடிக்கிறான். நீ இங்க நாற்காலியை அடிக்கிறே. நாற்காலி இன்னாடா பாவம் பண்ணுச்சு? வில்லனுக்கு அக்கா மகனா?

மூணாவது, சரவெடி. 2024 ஏப்ரல்ல 'கில்லி'யை இருபது வருஷம் கழிச்சு மறுபடி போட்டாங்க. அது நல்லா இருந்துச்சு, சொல்லிடுறேன். ஹீரோ வாயைத் திறக்கிறதுக்குள்ள கூட்டமே வசனத்தை முடிக்குது. பாட்டுக்கு ஒன்ஸ் மோர் கேட்டா ஆபரேட்டரும் மனசு வெச்சு மறுபடி ஓட்டுறான். கலாட்டான்னா அது கலாட்டா. மே 1-ஆம் தேதி 'தீனா' மறுபடி வந்துது. அன்னைக்கு சென்னையில ஒருத்தன் 'கில்லி' பேனரைக் கிழிச்சு வம்புல மாட்டினான். இன்னொரு பக்கம் தியேட்டருக்கு உள்ளேயே வெடி. முந்தின வருஷம் தீபாவளிக்கு மகாராஷ்டிரா மாலேகாவ்ல 'டைகர் 3'க்கும் உள்ளேயே வாணம் விட்டு, ஜனம் சீட்டுக்கு அடியில பதுங்குச்சு. இதுல மட்டும் எனக்குச் சிரிப்பு வரல. 1997-ல டில்லி உப்ஹார் தியேட்டர்ல 59 பேர் செத்தாங்க. அங்க யாரும் வெடி வெக்கல, டிரான்ஸ்பார்மர்ல பிடிச்ச தீ. ஆனா கொன்னது பொகை. மூடின கொட்டாயில பொகைக்கு நீ யாரு ரசிகன்னு கேக்கத் தெரியாது.

நாலாவது, நடுராத்திரி. 2023 ஜனவரி 11-ஆம் தேதி 'துணிவு'ம் 'வாரிசு'ம் ஒண்ணா வந்துது. அது ராத்திரி ஒரு மணிக்கு, இது விடியக்காலை நாலு மணிக்கு. ரோகிணி வாசல்ல ரோட்டுல போன லாரி மேல ஏறி ஆடின பத்தொம்போது வயசுப் பையன் கீழ விழுந்து செத்துப்போனான். அதுக்கப்புறம் அரசாங்கம் கையை இறுக்கிடுச்சு. அந்த வருஷம் அக்டோபர் 19-ஆம் தேதி 'லியோ' வந்தப்ப, விடியக்காலை ஆட்டம் வேணும்னு தயாரிப்பாளர் ஐகோர்ட்டு வரைக்கும் போய்ப் பார்த்தார். ஆனாலும் மொத ஆட்டம் காலை 9 மணிக்குத்தான். கேரளாவுல நாலு மணிக்கே போட்டாங்க. நம்ம ஊர்த் தலைவர் படத்தை மொதல்ல பாக்க நம்ம புள்ளைங்க பாலக்காட்டுக்கு பஸ் ஏறினாங்க. விடியக்காலை ஆட்டத்தை உங்ககிட்டேருந்து பறிச்சது யாருன்னு மன்றத்துல கேக்குறீங்களாமே? வீட்டுக்குப் போய்க் கண்ணாடியைப் பாருங்க, தெரியும்.

அஞ்சாவது, நெரிசல். ஐதராபாத்துல 2024 டிசம்பர் 4-ஆம் தேதி ராத்திரி, சந்தியா தியேட்டர்ல 'புஷ்பா 2'. ஹீரோவே நேர்ல வந்தார்னு கூட்டம் நெருக்கி, புள்ளையைக் கூட்டிக்கிட்டுப் படம் பாக்க வந்த ஒரு தாய் செத்துப்போனா. ஹீரோவையே கைது பண்ணி ஒரு ராத்திரி ஜெயில்ல வெச்சாங்க. சிறப்புக் காட்சிக்கே இனிமே அனுமதி கிடையாதுன்னு தெலங்கானா அரசாங்கமும் அப்ப சொல்லுச்சு. இதெல்லாம் சினிமா பைத்தியம்னு சிரிச்சுட்டுப் போக நமக்கு யோக்கியதை இல்ல. 2019-ல நம்ம ஊர்ல அத்திவரதர் 48 நாள் எழுந்தருளினாரே, ஒரு கோடிப் பேர் வந்தாங்கன்னு கணக்கு. ஜூலை 18-ஆம் தேதி நெரிசல்ல நாலு பேர் செத்ததை நம்ம தெருவே பாத்துச்சு. அங்க ஒருத்தனும் விசில் அடிக்கல. எல்லாரும் கோவிந்தான்னுதான் கும்பிட்டாங்க. கூட்டம் நெருக்க ஆரம்பிச்சா பக்தன், ரசிகன்னு பார்க்காது கண்ணு.

வெளிநாட்டுக்காரன் மட்டும் யோக்கியமான்னு கேப்பீங்க. இல்லவே இல்ல. அமெரிக்காவுல 'ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ'ன்னு 1975-ல ஒரு படம். அடுத்த வருஷம் நியூயார்க்ல நடுராத்திரி ஆட்டம் போட்டாங்க. அதுலேருந்து வேஷம் கட்டிக்கிட்டு வந்து, திரையில கல்யாணம் நடந்தா இவங்க அரிசி வீசுறாங்க. 2003-ல வந்த 'தி ரூம்'னு ஒரு மட்டமான படத்துக்கு பிளாஸ்டிக் ஸ்பூனை வீசுறாங்க. 2025 ஏப்ரல்ல 'மைன்கிராப்ட்' படத்துல கோழி மேல ஒரு பொம்மைப் பய சவாரி வர்ற எடத்துல பாப்கார்னை வாரி இறைச்சு, சில ஊர்ல போலீசே வந்துச்சு. ஒருத்தன் உயிரோட கோழியையே கொண்டாந்துட்டான். பாலோட நின்ன நம்ம பசங்க பரவாயில்லன்னு அன்னைக்குத் தோணுச்சு. இதைக் கேட்டுட்டு நாளைக்கு ஆட்டைப் பிடிச்சுக்கிட்டுப் போயிடாதீங்க.

ஜப்பான்காரன் கதை வேற. நம்ம 'முத்து' 1998-ல டோக்கியோவுல ஓடு ஓடுன்னு ஓடுச்சு. நம்ம கூத்தைப் பாத்து அவனும் மசாலா காட்சின்னு ஒண்ணு ஆரம்பிச்சான். நம்மளை மாதிரியே ஆடுறான், கத்துறான், கலர் பேப்பரை அள்ளி வீசுறான். விளக்கைப் போட்டதும் குனிஞ்சு அத்தனையும் பொறுக்கிச் சுத்தம் பண்ணிட்டு வெளியில போறான். வீசுறதை நம்மகிட்ட கத்துக்கிட்டான். பெருக்குறதை நமக்குச் சொல்லித்தர ஆள் இல்லாமப் போச்சு. ஆட்டம் முடிஞ்சு நீங்க வீசின பேப்பரையும் உடைச்ச பூசணிக்காயையும் கூட்டுற ஆயாவுக்கு அன்னைக்கு ரெட்டைச் சம்பளம் இல்ல, ரெட்டை முதுகுவலிதான்.

கோர்வைத் தறியில உக்காந்தவன் கணக்கு ஒண்ணு சொல்றேன். உடல் ஒரு நிறம், கரை வேற நிறம். நெய்யறவன் ஒரு பக்கம், கரை நாடா போடுற பையன் ஒரு பக்கம். பையன் வேணும், அவன் இல்லாம கோர்வை இல்ல. ஆனா அவன் முறை வரும்போதுதான் நாடா போடணும். திரையில ஓடுறது உடல், உங்க கூச்சல் கரை. கரையே உடலைத் தின்னுட்டா அதுக்குப் பேரு புடவை இல்ல, ரிப்பன்.

இந்த ஊருக்கு ரசனை இல்லாம இல்ல. நம்ம ஊர் அண்ணாதுரை கதை வசனம் எழுதி 1949-ல 'வேலைக்காரி' வந்தப்ப ஜனம் கைதட்டினது வசனத்துக்கு. நம்ம தறிக்காரன் கதையை 'காஞ்சிவரம்'னு எடுத்தாங்க. சிறந்த படம்னு தேசிய விருது, பிரகாஷ்ராஜுக்கும் சிறந்த நடிகர் விருது. அதுக்கு ஒரு பாக்கெட் பால் ஊத்தினவனை நான் பாக்கல. ஊத்தவும் வேணாம், உக்காந்து பாத்திருந்தா போதும்.

ஆக, வெள்ளிக்கிழமை தாராளமா போங்க. விசில் அடிங்க, ஒன்ஸ் மோர் கேளுங்க, பேப்பர் வீசுங்க. வீசினதை அள்ளிட்டு வாங்க. பாலை வீட்டுல குடிங்க. வெடியை தீபாவளிக்கு வையுங்க. லாரி, கட்-அவுட்டு, சீட்டு, இது மூணும் ஏறி ஆடுறதுக்குப் பண்ணினது இல்ல. தொண்டை கட்டிக்கிட்டு வந்தா உங்க பாட்டி சுக்குக் கஷாயம் வெச்சுத் தருவா. எலும்பை ஒடைச்சுக்கிட்டு வந்தா அவகிட்ட மருந்து கெடையாது, வெளக்கமாறுதான் இருக்கு.