குட்டி யானையின் ஒற்றளபெடை

டாடா ஏஸ் என்ற சிறு சரக்கு வண்டி 2005-இல் சந்தைக்கு வந்தது. வந்த வேகத்தில் தமிழ்கூறும் நல்லுலகம் அதற்குக் ‘குட்டி யானை’ என்று பெயர் சூட்டிவிட்டது. இப்பெயரில் மரபு வழு உண்டா என்பது ஆராயத்தக்கது. தொல்காப்பியத்து மரபியல் யானையின் இளமைக்குக் கன்று, குழவி என்ற பெயர்களையே வழங்குகிறது. ‘குட்டி’யை எலி, அணில் வகையறாவுக்கு ஒதுக்கிவிட்டது. ஆனால் இங்கே குட்டி என்பது வயதைச் சொல்லவில்லை, அளவைச் சொல்கிறது என்று கொண்டால் வழு நீங்கும். இந்த யானை வளரப்போவதில்லை என்பது கண்கூடு.

பெயராய்வு இத்துடன் நிற்க. டைமிங் பெல்ட் மாற்றிய மறுநாள் காலை அந்த யானை ஏன் அப்படிக் கத்தியது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட யானை என் சித்தப்பாவுடையது. ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து திண்டுக்கல்லுக்குத் தக்காளி, முருங்கை ஏற்றுவது அதன் தொழில். 702 சி.சி., இரண்டு சிலிண்டர், டீசல், 16 குதிரைத்திறன். யானைக்குள் பதினாறு குதிரை எப்படி என்பது வேறு ஆய்வாளருக்கான தலைப்பு. எஞ்சின் இருப்பது சீட்டுக்கு அடியில். ஆகவே மற்ற வண்டிக்காரர்கள் எஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்கிறார்கள். குட்டி யானைக்காரர் உட்கார்ந்த இடத்தால் கேட்கிறார். “காதுல கூட இல்லப்பா, இடுப்புல கேக்குது” என்றார் சித்தப்பா. கள ஆய்வில் கிடைத்த முதல் தரவு இதுதான்.

அடுத்து மூலபாடம். சத்தத்தை வீட்டாரிடமும் சந்தையிலும் சொல்லிக்காட்டச் சொன்னேன். சித்தப்பா: “ஊங்ங்ங்.” சித்தி: “ஞொய்ங்ங்.” மூட்டை ஏற்றுகிற அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, “கிய்ங்ங்ங்.” எதிர்வீட்டுத் தாத்தா வண்டியை நேரில் கேட்டதே இல்லை, ஆனாலும் “நொங்ங்” என்று ஒரு பாடம் தந்தார், அதை இடைச்செருகல் என்று தள்ள வேண்டியிருக்கிறது. தள்ளினாலும் தள்ளாவிட்டாலும் ஒன்று தெளிவு. உயிர் மாறுகிறது, முதலெழுத்து மாறுகிறது, இறுதி மெய் எல்லாப் பாடத்திலும் ஙகரம். அதுவும் நீண்டு ஒலிக்கும் ஙகரம். இலக்கணத்தில் இதற்கு ஒற்றளபெடை என்று பெயர்.

பவணந்தியார் நன்னூலில் எந்தெந்த மெய் அளபெடுக்கும் என்று கணக்காகச் சொல்லியிருக்கிறார். மெல்லினம் ஆறும் நீளும். இடையினத்தில் வ, ய, ல, ள நீளும். ஆய்தமும் நீளும். வல்லினம் ஒன்றுகூட நீளாது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதிய இந்தச் சூத்திரம் டீசல் எஞ்சினுக்கு எப்படிப் பொருந்துகிறது என்று பாருங்கள். டக் டக், கட கட, தட் தட் என்று வல்லினத்தில் வரும் ஓசை முட்டலால் வருவது. டேப்பெட்டோ, பிஸ்டனோ, பிடிப்பு விட்ட ஏதோ ஒன்றோ ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை அடிக்கிறது. அடிக்கு நீளம் கிடையாது. ஊங், ஞொய் என்று மெல்லினத்தில் நீள்வது சுழலும் பொருளின் ஓசை. இடைவெளி தெரியாதபடி நொடிக்கு நூற்றுக்கணக்கில் சிறு தட்டல்கள் சேர்ந்து ஒரே இழையாகிவிடுகின்றன. பெல்ட் ஒரு பல் தள்ளி மாட்டப்பட்டிருந்தால் ஓசை மெல்லினத்தில் வராது. கறுப்புப் புகை, இழுவைக் குறைவு, வல்லினத் தட்டல் என்றுதான் வெளிப்படும். ஆகவே சித்தப்பாவின் வண்டியில் டைமிங் சரியாகவே இருக்கிறது என்று மூடியைக் கழற்றாமலே இலக்கணத்தால் நிறுவினேன். சித்தப்பா இதை ஒரு சான்றாக ஏற்கவில்லை.

ஒரு குறையையும் சொல்லவேண்டும். தேய்ந்த பேரிங் ‘ர்ர்ர்ர்’ என்று உறுமும். ரகரத்துக்கு நன்னூலார் அளபெடை தரவில்லை. அவர் காலத்தில் ஐட்லர் பேரிங் இல்லை என்பதை மனத்தில் கொண்டு இதை மன்னிக்கலாம்.

டைமிங் பெல்ட் என்பது பல் வைத்த பெல்ட். அதன் வரலாறு சுருக்கமானது. 1940-களில் அமெரிக்காவில் தையல் எந்திரத்தின் மேல் தண்டையும் கீழ்த் தண்டையும் வழுக்காமல் சேர்த்து ஓட்ட வேண்டி வந்தது. அப்படிப் பிறந்த பெல்ட் 1960-களின் தொடக்கத்தில் மேற்கு ஜெர்மனியின் கிளாஸ் 1004 காரில் கேம்ஷாஃப்டைச் சுற்றப் போனது. துணி தைக்கப் பிறந்த பொருள் தக்காளி ஏற்றப் போனது பிறகு. அது ஏன் பாடுகிறது என்றால், பெல்ட்டின் ஒவ்வொரு பல்லும் புல்லியின் பள்ளத்தில் இறங்கும்போது ஒரு சிறு அறை விழுகிறது. பள்ளத்தில் அகப்பட்ட காற்றும் பக்கவாட்டில் பிதுங்கி வெளியேறுகிறது. எல்லாப் பல் பெல்ட்டும் கொஞ்சம் பாடும். பெல்ட் இறுக இறுகப் பாட்டு சபைக்குக் கேட்கத் தொடங்கும்.

சுருதியைக் கணக்கிட முடியும். கிராங்க் புல்லியில் 20 பல் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் நிமிடத்துக்கு 1200 சுற்று ஓடினால் நொடிக்கு 20 சுற்று. இருபதை இருபதால் பெருக்கினால் நொடிக்கு 400 அதிர்வு. ஒரு கட்டை சுருதியில் பஞ்சமம் ஏறக்குறைய 392. என் கைபேசியில் சுருதி பார்க்கும் செயலி ஒன்று இருக்கிறது. சித்தப்பாவை லேசாக ரேஸ் கொடுக்கச் சொல்லி சீட்டின் மேல் கைபேசியை வைத்தேன். முள் பஞ்சமத்தை ஒட்டி ஆடியது. சித்தப்பாவின் வண்டியில் சுற்றைக் காட்டும் மீட்டர் இல்லை. பல்லை நான் எண்ணவும் இல்லை. பெருக்கப்பட்ட இரண்டு எண்ணும் தெரியாமல் பெருக்கி வந்த விடை மட்டும் தெரிந்த நிலை, ஆய்வுலகில் புதிதன்று.

இனி ஐயத்துக்கு உரியோர். டர்போ விசிலடிக்கும் என்பார்கள். இந்த வண்டியில் டர்போ இல்லை. பவர் ஸ்டீயரிங் பம்ப் முனகும் என்பார்கள்; சித்தப்பாவின் புஜத்தைப் பார்த்தாலே அது இல்லை என்பது புரியும். கியர் பாக்ஸ் என்றார் ஒருவர். வண்டி நிற்கும்போதும் சத்தம் வருகிறது, கிளட்சை அமுக்கினாலும் மாறவில்லை. எஞ்சியவை வெளிப் பெல்ட்டும் ஆல்டர்நேட்டரும், உள்ளே டைமிங் பெல்ட்டும் அதை இறுக்கும் டென்ஷனரும் ஐட்லரும்.

இந்த இடத்தில் என் முறையியல் முடிந்து மெக்கானிக்கின் முறையியல் தொடங்குகிறது. பெல்ட் மாற்றிய அதே பட்டறை. வண்டியை ஸ்டார்ட் செய்யும் முன் அவர் கேட்டது ஒன்றே: “எப்படிக் கத்துது, சொல்லுங்கண்ணே.” சித்தப்பா “ஊங்ங்ங்” என்றார். “ரேஸ் கொடுத்தா?” “ஊஉஉஉங்ங்ங்” என்று குரலை ஏற்றிக் காட்டினார். “அப்ப வாட்டர் ஊத்திப் பாக்க வேணாம்” என்றார் மெக்கானிக். வெளிப் பெல்ட் வழுக்கினால் ‘கிறீச்’ என்று வல்லினத்தில் முடியும். அதில் தண்ணீர் தெளித்தால் சத்தம் மாறும் என்பது அவர் துணிபு. அவர் நன்னூல் படித்தவர் அல்லர் என்பதைக் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

இருந்தாலும் முறைப்படி வெளிப் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் மட்டும் ஓட விட்டார். ஊங் போகவில்லை. ஆல்டர்நேட்டருக்கு விடுதலை. பிறகு ஒரு நீண்ட ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, நுனியை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் அழுத்திக்கொண்டு ஒவ்வோர் இடமாக நகர்த்தினார். 1816-இல் பாரிஸில் லெனெக் என்ற மருத்துவர் காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதிலிருந்து ஸ்டெதாஸ்கோப் பிறந்தது. பட்டறைகளுக்குக் காகிதம் தாங்காது. எனக்கும் பிடியைக் கொடுத்தார். பேரிங்குகளின் பக்கம் வைத்தபோது வழவழப்பான ஓட்டம். பெல்ட் மூடிக்கு நேரே வைத்தபோது என் பல்வரிசையே ‘ஊங்’ என்றது.

மூடி கழன்றது. மெக்கானிக் புதுப் பெல்ட்டின் நீளமான பக்கத்தைப் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துத் திருகினார். கால் சுற்று திரும்ப வேண்டியது அதில் பாதிகூடத் திரும்பவில்லை. பிறகு விரலால் சுண்டினார். தந்தி மாதிரி ஒலித்தது. உதவியாளைத் திரும்பிப் பார்த்தார்.

“இறுக்கமா இருந்தா நல்லதுன்னு நெனச்சேண்ணே.”

“கயித்துக் கட்டிலாடா இது, இழுத்துக் கட்ட?”

தளர்வாக இருந்தால் பெல்ட் பல் தாண்டும், வால்வு வளையும். அந்தப் பயத்தில் உதவியாள் டென்ஷனரை நெம்பி இழுத்துப் பூட்டியிருக்கிறார். பயம் நியாயமானதுதான். ஆனால் அப்படியே ஓடியிருந்தால் சில மாதத்தில் ஐட்லர் பேரிங் போயிருக்கும், மெல்லினம் ரகரமாக மாறியிருக்கும். மெக்கானிக் டென்ஷனரைத் தளர்த்தி, மறுபடி அமைத்து, கிராங்கை ஸ்பேனரால் இரண்டு முழுச் சுற்று கையாலேயே சுற்றினார். கிராங்க் இரண்டு சுற்றினால் கேம் ஒரு சுற்று. குறிகள் மீண்டும் நேருக்கு நேர் வந்து நிற்க வேண்டும். வந்து நின்றன. இரண்டு சுற்றில் பெல்ட் தன் இடத்தில் படிந்து கொஞ்சம் நெகிழ்ந்தது; இறுக்கத்தை மறுபடி பார்த்துப் பூட்டினார். முதல்முறை இந்த இரண்டு சுற்று விட்டுப்போயிருக்கிறது. பல்லை எண்ண இதுவே நல்ல தருணம். எண்ண மறந்துவிட்டேன்.

சீட்டைப் போட்டு, சித்தப்பா ஏறி உட்கார்ந்து, ரேஸ் கொடுத்தார். இரண்டு சிலிண்டரின் வழக்கமான வல்லினம் மட்டும் கேட்டது. காசு கொடுக்கப் போனவரை மெக்கானிக் தடுத்துவிட்டார். டீக்கு மட்டும் சம்மதித்தார்.

வண்டியிலிருந்து சத்தம் போய்விட்டது. சித்தப்பாவிடமிருந்து போகவில்லை. சந்தையில் யாராவது “என்ன மாமா, வண்டி சரியாயிருச்சா?” என்று கேட்டால் போதும், தக்காளிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, முதலில் அது எப்படிக் கத்தியது என்று செய்து காட்டிவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுகிறார். போன வாரம் அவருக்குத் தெரியாமல் கைபேசியை நீட்டிப் பார்த்தேன். பஞ்சமத்துக்கு ஒரு மயிரிழை கீழே நிற்கிறார்.