சட்டை வரைக்கும் நோயாளி

சர்க்கரை ரிசல்ட்டை வாசித்துக் காட்ட வீடியோ கேட்பார். முதுகில் பரவும் படையைப் பற்றிப் பேச போன் போதும் என்பார். டாக்டர் கண்ணால் பார்க்க வேண்டியதை வாயால் சொல்வதும், வாயால் சொன்னால் முடிந்துபோவதைக் கேமராவில் காட்டுவதும் இவருடைய பிறவிக் குணம். எல்லாக் குடும்பத்திலும் இப்படி ஒருவர் உண்டு. சித்தப்பாவாக இருக்கலாம், ரிட்டயரான மாமாவாக இருக்கலாம். வசதிக்காகப் பெரியப்பா என்று வைத்துக்கொள்வோம்.

பெரியப்பாவுக்கு வீடியோ கன்சல்டேஷன் என்பது வைத்தியம் அல்ல, விசேஷம். பத்தரை மணி அப்பாயின்ட்மென்ட்டுக்கு எட்டு மணிக்கே ஷேவிங் முடிந்துவிடும். ஹாலில் எந்தச் சுவர் பளிச்சென்று இருக்கிறது என்று பார்த்து, அதில் தொங்கும் நகைக்கடைக் காலண்டரைக் கழற்றி வைப்பார். கொடியில் காயும் துண்டெல்லாம் உள்ளே போகும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, பையில் பேனா. கீழே வழக்கமான கட்டம்போட்ட கைலிதான். டாக்டருக்குத் தெரியப்போவது சட்டை வரைக்கும்தானே! "கால் வீக்கத்தைப் பார்க்கணும், கொஞ்சம் எழுந்து நின்னு காட்டுங்க சார்" என்று டாக்டரம்மா கேட்கும் வரை இந்தக் கணக்கில் பிழை இருக்காது. கேட்ட மறு விநாடி, "ஹலோ... நெட்டு சரியில்ல டாக்டர்" என்று சொல்லிவிட்டு அப்படியே உறைந்துபோவார். படம் நின்றுவிட்டதாகக் காட்ட வேண்டுமே, இமைகூட அசையாது. தலைக்கு மேலே ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும்.

இதற்கு முன் நடக்கும் காத்திருப்பையும் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரலில் மத்திய அரசு இ-சஞ்சீவனி வெளிநோயாளி சேவையைத் தொடங்கியது. மொகாலியில் உள்ள சி-டாக் என்ற நிறுவனம் அதை உருவாக்கியது. வீட்டிலிருந்தே டாக்டரை இலவசமாகப் பார்க்கலாம். மொபைல் நம்பரைக் கொடுத்து ஓடிபி வாங்கி, டோக்கன் எடுத்து, முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். பெரியப்பாவின் ஓடிபி சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்குப் போகும். அவன் மீட்டிங்கில் இருப்பான். எப்படியோ டோக்கன் கிடைத்துவிட்டால், பெரியாஸ்பத்திரி வரிசையில் நிற்கும் அதே முகத்தோடு போன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். சமையலறையிலிருந்து காபி வேண்டுமா என்று கேட்டால், "லைன்ல நிக்கிறேன்ல?" என்று எரிந்து விழுவார்.

வீடியோ மேல் அவருக்கு இருக்கும் மோகத்துக்கு முக்கியக் காரணம் ஃபைல். இவ்வளவு காலம் சேர்த்து வைத்த காகிதங்களை ஒருத்தர் பார்க்க வேண்டாமா? மகன் கல்யாணப் பத்திரிகையைத் தவிர எல்லாம் அதில் இருக்கும். ஒருமுறை பழைய இசிஜி ஒன்றை, பத்திரமாக இருக்கட்டும் என்று ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்து வாங்கினார். இசிஜித் தாள் சூடு பட்டால் கறுத்துவிடும் ரகம். மெஷினுக்குள் போய் வந்ததும் முழுக்கக் கறுப்பாகிவிட்டது. அதைத்தான் கேமராவுக்கு நேரே பிடித்தார்.

"ஒண்ணுமே தெரியலையே சார், எல்லாம் பிளாக்கா இருக்கே?"

"அதைத்தான் டாக்டர் அப்பவே சொன்னாங்க, ஹார்ட்ல பிளாக்குன்னு."

இப்படிப்பட்ட மனிதர் போனுக்கு ஏன் மாறினார்? அதற்குப் பெரியம்மா பொறுப்பு. "தினமும் வாக்கிங் போறீங்களா சார்?" என்று டாக்டர் கேட்டார். "ஒரு மணி நேரம் டாக்டர், தவறவே மாட்டேன்" என்றார் பெரியப்பா. அவருக்குப் பின்னால் சமையலறை வாசலில், கையில் கரண்டியோடு நின்ற பெரியம்மா இல்லை என்று தலையாட்டியது திரையில் நன்றாகத் தெரிந்தது. "ஸ்வீட்?" "தொடுறதே இல்ல." வாசலில் பெரியம்மா மூன்று விரல் காட்டினார். மாத்திரை, உப்பு, ஊறுகாய் என்று கேள்வி போகப் போக, டாக்டர் பெரியப்பாவின் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். கடைசியில், "பின்னாடி நிக்கிற அம்மாகிட்ட போனைக் குடுங்க" என்றார். அன்றோடு பெரியப்பாவுக்கு வீடியோ கசந்துவிட்டது. "முகம் பார்த்துத்தான் வைத்தியம் பண்ணணுமா? பேசுனாப் போதாதா?" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

போதும் என்றுதான் அவரும் நம்பினார், முதுகில் அரிப்பு வரும் வரை. படை எப்படி இருக்கிறது என்று டாக்டர் போனில் கேட்க, பெரியப்பா வர்ணிக்கத் தொடங்கினார். சிவப்பு இல்லை, ரோஸும் இல்லை, செங்கல் பொடி நிறத்தில் இருக்கும், ஆனால் வெயிலில் வேறு மாதிரி தெரிகிறதாம். இத்தனைக்கும் முதுகை அவர் பார்த்ததில்லை, பேரன் சொல்லக் கேட்டதுதான்.

"என்ன சைஸ் இருக்கும் சார்?"

"ஓட்டைக் காலணா அளவும்மா."

1957-இல் நயா பைசா வந்ததோடு மதிப்பிழக்கத் தொடங்கிய காசு அது. அந்த டாக்டரம்மாவின் அப்பாவே அதைப் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம். ஒரு நிமிடம் அமைதி. பிறகு, "வீடியோவில வாங்க சார்" என்றார்.

பெரியப்பாவுக்கு ஆத்திரம். ஒரு ஆயின்ட்மென்ட் பெயரைச் சொல்ல இவ்வளவு ஜம்பமா என்று கேட்டார். பாவம் டாக்டர், ஜம்பம் எதுவும் அடிக்கவில்லை. 2020 மார்ச் 25, ஊரடங்கின் முதல் நாள் தேதியிட்டு வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகளில் அப்படித்தான் இருக்கிறது. வீடியோ, குரல், எழுத்து மூன்று வழியிலும் ஆலோசனை சொல்லலாம். எது போதும், எப்போது நேரில் வரச் சொல்ல வேண்டும் என்பது டாக்டரின் முடிவு. ஆனால் க்ளோட்ரிமசோல் மாதிரி தோலில் தடவும் களிம்பு வகைகளை, முதல் முறையாகக் காட்டும் நோய்க்கு வீடியோவில் பார்த்த பிறகுதான் எழுதித் தர வேண்டும் என்று மருந்துப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். காய்ச்சல் மாத்திரை, ஓஆர்எஸ் போன்றவற்றுக்கு எந்த வழியும் போதும். மருந்துக் கடையில் ஒரு விரலைக் காட்டியே களிம்பு வாங்கிப் பழகிய நமக்கு இந்த விதி கொஞ்சம் கெடுபிடியாகத்தான் படும். எனக்கென்னவோ நியாயமாகவே தெரிகிறது.

பெரியப்பாவைக் கிண்டல் செய்கிற வேகத்தில் போன் கேட்கிற எல்லாரையும் அவரோடு சேர்த்துவிடக் கூடாது. அதே வீட்டு மருமகளும் போன்தான் கேட்பாள். மூன்று அறையில் ஆறு பேர் இருக்கும் வீட்டில், மாதவிலக்குப் பிரச்சினையை ஹாலில் உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சொல்ல முடியுமா? துணி எடுக்கப் போகிறேன் என்று மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று பேசிவிட்டு வருவாள். மாடிப்படியில் கால் சத்தம் கேட்டால், "சரிக்கா, அப்புறம் பேசுறேன்" என்று டாக்டரையே அக்காவாக்கி வைத்துவிடுவாள். அவளுக்குப் போன்தான் பரிசோதனை அறை. டேட்டா தீர்ந்துபோனவர்கள், கேமரா உடைந்த போன் வைத்திருப்பவர்கள், ஒரு கோடு சிக்னலுக்காகக் கண்மாய்க் கரை வரை நடப்பவர்கள் எல்லாரும் போனைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவர்களுக்கு அதுதான் வாய்த்தது.

மற்றவர்கள் தயவுசெய்து இவ்வளவு செய்யுங்கள். புண், படை, வீக்கம், கண் சிவப்பு என்றால் வீடியோ. ஜன்னலுக்கு முதுகைக் காட்டாமல், வெளிச்சம் முகத்தில் படும்படி உட்காருங்கள். வழக்கமான மாத்திரையைத் தொடர்வதா, சர்க்கரை அளவு சரியா என்று கேட்கப் போன் போதும். பழைய ரிப்போர்ட்டைக் கேமராவில் ஆட்ட வேண்டாம், படம் எடுத்து முன்னதாகவே அனுப்பிவிடுங்கள். நெஞ்சு வலித்தால், மூச்சு முட்டினால் இந்த இரண்டுமே உதவாது. உடனே 108-ஐ அழையுங்கள். அதற்குச் சட்டை மாற்ற வேண்டியதில்லை.