தட்டில் கொட்டாத சரக்கு

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரியிடம் கதை விட்டுப் பாருங்கள். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் ஒவ்வொரு லாட்டுக்கும் சாம்பிள் முன்னால் வரும். விரலால் அளைவார், காய் எத்தனை மில்லிமீட்டர் என்று பார்ப்பார், ஒரு காயை நசுக்கி முகர்வார், லிட்டர் எடை கேட்பார். உலர்த்தும் ஸ்டோரில் பக்குவமாகக் காய்ந்த பச்சையா, சாயம் ஏற்றிய பச்சையா என்பது அந்தக் கண்ணுக்குத் தப்பாது. பிறகுதான் கம்ப்யூட்டரில் விலை ஏறும்.

அதே கண் ராத்திரி போனைத் திறக்கிறது. ‘டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டு இருக்கா? ஏழு லட்சம் தர்றோம்!’ நோட்டைப் படம் பிடித்து அனுப்பியதும் வாழ்த்துச் செய்தி. அப்புறம் பதிவுக் கட்டணம். அப்புறம் சான்றிதழுக்கு. அப்புறம் ஜி.எஸ்.டி. அப்புறம் பணப்பெட்டி மதுரை வந்துவிட்டதாம், இன்சூரன்ஸ் மட்டும் பாக்கியாம். வாங்குகிறவனுக்கு விற்கிறவன் பணம் கட்டும் அதிசய வியாபாரம்! ஏல மையத்தில் ஒருத்தன் இப்படிக் கேட்டிருந்தால் பஸ் ஸ்டாண்டு வரை விரட்டியிருப்பார்கள்.

ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட் 4 அன்றே அறிக்கை விட்டது: பழைய நோட்டு, நாணய வியாபாரத்தில் எங்களுக்குச் சம்பந்தமில்லை, கட்டணமோ கமிஷனோ நாங்கள் கேட்பதில்லை, யாருக்கும் அப்படி அதிகாரம் கொடுக்கவும் இல்லை. அறிக்கை வந்தது. விளம்பரமும் வந்துகொண்டே இருக்கிறது, அதே வங்கியின் முத்திரையோடு.

இன்னொரு கூட்டம் நம்மிடம் விற்க வருகிறது. ராமர் பட்டாபிஷேகம் பொறித்த செம்புக் காசு; மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி, ஓரணா, 1818. கம்பெனி தன் ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே மாதிரிக் காசு அடித்தது 1835இல்; செம்பில் அரையணா, காலணா, பை என்றுதான் வந்தது. ஓரணா நாணயம் எட்வர்ட் மன்னர் தலையோடு புழக்கத்துக்கு வந்தது 1907இல். இந்தக் காசை விற்கும் அறிஞர் கையில் அது தொண்ணூறு வருஷம் முன்னாலேயே பிறந்துவிட்டது. அந்தக் காசு காந்தம்போல அரிசியை வேறு இழுக்குமாம்.

இதில் மேல்தட்டு ரகமும் உண்டு. ‘போடிமெட்டு எஸ்டேட் பங்களாவில் துரைசானி அணிந்த விக்டோரியா காலத்துக் கேமியோ ப்ரூச்.’ சிப்பியிலோ அடுக்கு நிறக் கல்லிலோ பெண் முகத்தைப் புடைப்பாகச் செதுக்கிய நகை அது. சிப்பி வேலைக்குப் பேர்போன ஊர் இத்தாலியின் நேப்பிள்ஸ் பக்கத்து டோரே டெல் கிரெக்கோ. நிஜச் சிப்பியை வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஊடுருவும். பின்புறம் லேசாகக் குழிந்திருக்கும். லென்ஸில் உளித்தடம் தெரியும். அச்சில் வார்த்த பிளாஸ்டிக் துரைசானிக்கு மூக்கு நுனியில் காற்றுக் குமிழி இருக்கும். அதே சுருள்முடி இன்னும் இருபது விளம்பரங்களில் இருக்கும். ‘பின்பக்கம் ஒரு போட்டோ அனுப்புங்க’ என்று கேட்டுப் பாருங்கள். ‘நம்பிக்கை இருந்தா வாங்குங்க சார்’ என்று ரோஷம் பொத்துக்கொண்டு வரும்.

நூறு வருஷம் தாண்டிய கலைப்பொருளும் நாணயமும் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வருகின்றன. உரிமம் இல்லாமல் அவற்றை வியாபாரம் செய்யக் கூடாது. ஆக, ஐயா விற்பது அசல் என்றால் சட்ட மீறல், போலி என்றால் மோசடி. இரண்டில் எது என்று அவரைக் கூப்பிட்டுக் கேட்கத்தான் நாதி இல்லை.

இந்த விளம்பரங்களுக்கு மேடை போட்டுக் கொடுக்கும் இணையக் கம்பெனிகளோ சந்நியாசிகள்! ஒன்றும் பார்ப்பதில்லை, விளம்பரக் காசைத் தவிர. விற்பவரின் பெயர், முகவரி காட்ட வேண்டும், புகாருக்கு 48 மணி நேரத்தில் ஒப்புகை தர வேண்டும் என்கின்றன 2020ஆம் ஆண்டு மின் வணிக விதிகள். முகவரி இடத்தில் ‘பஸ் ஸ்டாண்டு அருகில்’ என்றிருக்கிறது. எந்த ஊர் பஸ் ஸ்டாண்டு? புகார் கொடுத்தால், ‘இந்த விளம்பரம் எங்கள் விதிகளை மீறவில்லை’ என்று இயந்திரம் பதில் போடுகிறது. மீறவில்லைதான்; உங்கள் விதியே அதுதானே!

எரிச்சல் இதோடு முடியவில்லை. விடிகாலை ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறிக் காய் பறிக்கும் பெண், கூலியில் மிச்சம் பிடித்ததை இந்த மோசடிக்காரர்களிடம் இழந்தால், ‘உனக்கு ஏம்மா இந்தப் பேராசை?’ என்று ஊரே புத்தி சொல்கிறது. கோட்டுப் போட்டவர் கிரிப்டோவில் விட்டால் அதற்குப் பெயர் முதலீட்டு நஷ்டம். திருடியவனின் ஆசையைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

பணம் போய்விட்டதா? யார் சிரித்தாலும் சிரிக்கட்டும், உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அடியுங்கள். சீக்கிரம் சொன்னால் அந்தப் பணம் போன கணக்கை முடக்க வழி இருக்கிறது. அவன் அனுப்பிய செய்திகளை அழிக்காதீர்கள், அவைதான் சாட்சி.